எண்ணெய் குடித்த வழி

கைலாசநாத பிள்ளை எட்டு வருஷமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் கேட்பார். வேட்டியைப் பிழிந்து கொடியில் போடும்போது கேட்பார். களை பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்க்கும்படி வரப்பில் நின்றுகொண்டு யாரிடம் என்றில்லாமல் கேட்பார்.

"எண்ணெய் எங்க போச்சு?"

எண்ணெய் என்றால் அவருக்குப் பெட்ரோல். ஒரே மகன் கோலப்பன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். எகிப்து தேசத்து எல்லையில், கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடக்கும் ஓரிடத்தில், ஜெர்மன்காரன் துரத்த நம் ஆட்கள் பின்வாங்கி வந்தபோது அவன் லாரி நின்றுபோனது. நின்ற லாரியின்மேல் விமானம் குண்டு போட்டது. லீவில் வந்த கூட்டாளி ஒருவன், "வண்டியில பெட்ரோல் தீந்துபோச்சு, இல்லேன்னா தப்பியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அன்று பிடித்தது அந்தக் கேள்வி. மீனாட்சியம்மாள் இரண்டு வருஷம் புருஷனுக்குப் பதில் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஓய்ந்துபோய், அவர் கேட்கும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போக ஆரம்பித்தாள்.

கோலப்பனின் மனைவி கோமளவல்லி. அவனோடு அவள் வாழ்ந்தது ஒரு ஓணமும் ஒரு தீபாவளியும். அவன் போனபின் அவளை மூலையில் உட்கார்த்தி வைக்காமல், ஊர் முழுக்க முணுமுணுக்க, மாமனார்தான் டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார். இப்போது கொட்டாரத்தில் இருந்து சுசீந்திரம் போய்ப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். மாமனார்மேல் அவளுக்கிருந்தது வெறும் மரியாதை மட்டுமில்லை. தன் அப்பாவிடம்கூட அவள் அத்தனை பிரியமாக இருந்ததில்லை.

விடை தெரியாத கேள்வியை ஓர் ஊரால் வெகுநாள் வைத்துக்கொண்டிருக்க முடியாது. நாற்பத்தாறில் முட்டத்துப் பக்கத்து ஞானசிங் பட்டாளத்திலிருந்து வந்தான். அவன் அதே பாலைவனத்தில் பெட்ரோல் லாரி ஓட்டினவன். வந்த கொஞ்ச நாளில் ஒரு பழைய வண்டியை வாங்கி, மரக்கூண்டு கட்டி, நெற்றியில் மனைவி பேரை 'ராகேல்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதி, நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ஓட்ட ஆரம்பித்தான். போதாதா? பெட்ரோல் எங்கே போயிற்று என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பட்டாளத்து எண்ணெயை எகிப்துக்காரனுக்கு விற்றுத்தான் பஸ் வாங்கினான் என்று முதலில் ஒருவர் சொன்னார். இரண்டாவது ஆள் அதைச் சொல்லும்போது, எகிப்துக்காரனின் தாடி என்ன நிறம் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து கைலாசநாத பிள்ளை வீட்டார் யாரும் ராகேலில் ஏறுவதில்லை. கோமளவல்லி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து, அது வராத நாளில் நடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போவாள்.

அந்த அடுத்த பஸ்ஸில் பங்கு வைத்திருந்தவன் தாணப்பன். கைலாசநாத பிள்ளைக்குத் தங்கை மகன். தன் பஸ்ஸை நேரத்துக்கு விடுவதைவிட ராகேலை நிறுத்துவது சுலபம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, வெள்ளிக்கிழமை கோயில் முன்னால கூட்டம் வச்சிருக்கு. அந்தக் கள்ளனுக்க வண்டி இனி கொட்டாரத்துல நிக்கப்பிடாது, நம்ம ஆளுக யாரும் அதுல ஏறப்பிடாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஊரு கேக்கும்."

ஊர் கேட்கும் என்பது நிஜம். பேச்சிப்பாறை அணையிலிருந்து வருகிற தண்ணீர் மலையடிவாரம், தோவாளை என்று எங்கெங்கோ சுற்றிக் கடைசியாக வந்து சேருகிற வால்நுனி அவர்கள் வயல். கடைவரம்பு என்பார்கள். அங்கே தண்ணீர் வந்து சேர்வதே பெரும்பாடு. வருஷாவருஷம் சானல் நெடுக நடந்து, அடைப்பை எடுத்து, திருட்டு மடையை மூடி, தண்ணீரைக் கடைவரம்புக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஊர் கைலாசநாத பிள்ளையிடம் விட்டிருந்தது. அவர் சொல்லை மீறினால் யாருக்கும் நாற்று நடமுடியாது.

"சொல்லுகேன்" என்றார் அவர்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த கோமளவல்லிக்குக் கை நின்றது. அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. விடை சரியாகவே இருந்தாலும் வழி எழுதாவிட்டால் மார்க் கிடையாது. ஒரு மனுஷன் திருடன் என்று எட்டு ஊர் சொல்கிறது. எப்படித் திருடினான், எவ்வளவு திருடினான், திருடாவிட்டால் அந்த லாரி போய்ச் சேர்ந்திருக்குமா? ஒருவரும் ஒரு வரி வழி எழுதவில்லை. ஒருவேளை திருடன்தானோ என்னவோ. அதுவாவது நிச்சயமாகத் தெரியவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தெரியவேண்டும்.

திங்கட்கிழமை காலையில் அவள் ராகேலில் ஏறினாள். பஸ்ஸுக்குள் பேச்சு அப்படியே அடங்கியது. டிரைவருக்குப் பின்னாலிருந்த பெண்கள் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு, தினமும் அதில் போகிறவள் போல உட்கார்ந்தாள். 

வழுக்கம்பாறையில் வண்டி நிற்கும். என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும், ஆட்கள் இறங்கிச் சுக்குக்காப்பி குடிக்கவேண்டும். அவள் இறங்கி நேரே முன்பக்கம் போனாள்.

"டிரைவரே, ஒரு காரியம் கேக்கணும்."

ஞானசிங் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நாற்பது வயதிருக்கும். என்ஜினருகே இருந்து இருந்து ஒரு காது மந்தம். "கேளுங்க டீச்சரே" என்று நல்ல காதைத் திருப்பினான்.

"எனக்க வீட்டுக்காரங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"கோலப்பனைத்தானே? தெரியாம பின்ன? நாலு வருஷமா நீங்க இந்த வண்டியக் கண்டா மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கியதையும் தெரியும்."

"அப்ப சொல்லுங்க. பெட்ரோல் எங்க போச்சு?"

அவன் சிரிக்கவில்லை. "வித்துட்டேன்னுதானே சொல்லுகாவ?"

"சொல்லுகாவ. அதனாலதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்."

மூடி திறந்ததும் ஆவி குப்பென்று கிளம்பியது. அது அடங்கும்வரை அவன் அவளையே பார்த்தான். நாலு வருஷத்தில் அவன் முகத்துக்கு நேரே இதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"டீச்சரே, துறைமுகத்துல கப்பல்ல இருந்து பெட்ரோல் இறங்கும். அங்க இருந்து சண்டை நடக்குத இடம், இங்கேருந்து மதராஸ் போற தூரம் வச்சுக்கிடுங்க. ரோடு கொஞ்சம்தான், மிச்சம் மணலு. மணலுல வண்டி முக்கி முக்கிப் போவும், ரெண்டு மடங்கு குடிக்கும். நான் பெட்ரோல் ஏத்திட்டுப் போற வண்டிக்கும் பெட்ரோல் வேணுமில்லா? போறதுக்கு வேணும். திரும்பி வாறதுக்கு வேணும். எனக்குத் தண்ணி கொண்டுவாற வண்டிக்கும் வேணும். எல்லாம் எங்கேருந்து? எனக்க முதுகுல இருக்குததுல இருந்துதான்."

கண்டக்டர் விசிலடித்தான். பாதிக் கணக்கோடு அவள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள்.

அன்று நாலாம் பாரத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் இல்லாத கணக்கு ஒன்று வந்தது. ஒரு லாரி நாற்பது டின் ஏற்றுகிறது. போகும்போது நாளைக்கு இரண்டு டின் குடிக்கிறது, வரும்போதும் அப்படியே. சண்டை ஐந்து நாள் தூரத்தில் நடந்தால் எத்தனை டின் இறக்கலாம்? இருபது என்றார்கள். எட்டு நாள் தூரம் என்றால்? எட்டு என்றார்கள். பத்து நாள் என்றால்? பலகைகளில் குச்சி கிறீச்சிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், பத்து நாள் தூரம்னா ஒண்ணுமே மிஞ்சாதே. பின்ன எதுக்கு அந்த லாரி போவுது?"

"பதினோரு நாள்னா டிரைவர் வீட்டுக்கே வரமாட்டான் டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. வகுப்பு முழுக்கச் சிரித்தது. கோமளவல்லிக்குக் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டி ஈரமாகிவிட்டது. சண்டையைப் பற்றி அவள் எத்தனையோ யோசித்திருக்கிறாள். வீரம், துரோகம், விதி என்று என்னென்னவோ. இப்படி ஒரு கழித்தல் கணக்கு அதற்குள் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

மறுநாள் வழுக்கம்பாறையில் அவளே ஆரம்பித்தாள். "வழி குடிச்சது சரி. மீதி?"

ஞானசிங் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பாத்திரத்தை உயர்த்திக் காட்டினான். பச்சை நிறத்தில், தட்டையாக, கனத்த இரும்பில் செய்த கேன். "இந்தா, இது ஜெர்மன்காரனுக்க பெட்ரோல் கேனு. ஒரு சொட்டு ஒழுகாது. நம்மளுக்குத் தந்தது என்னன்னா, மண்ணெண்ணெய் வருதே தகர டின்னு, அதைவிட மெல்லிசு. மூலையில பத்தவச்சது ரெண்டு குலுக்கலுல விட்டுரும். மூணுல ஒரு பங்கு வழியிலேயே ஒழுகிப்போவும். சில நாளு முன்னால போற வண்டி ஒழுக்கின கோட்டைப் பாத்துத்தான் நாங்க வழியே கண்டுபிடிச்சோம்."

"இதுல ஏன் மூணு பிடி இருக்கு?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை காலமும் அந்தக் கேனைத் தினமும் கையில் எடுக்கிறான், ஊரில் ஒரு ஜீவன் இதைக் கேட்டதில்லை. "கொள்ளாம், நல்ல கேள்வி! நடுப்பிடிய ஒருத்தன் பிடிச்சுத் தூக்கலாம். நிறைஞ்சு கனத்துதுன்னா இந்தப்பக்கம் ஒருத்தன், அந்தப்பக்கம் ஒருத்தன். காலிக் கேனுன்னா ரெண்டைச் சேத்துவச்சு ஓரப்பிடிய ஒரே கையில தூக்கிரலாம். அவன் யோசிச்சிருக்கான் பாத்தியளா."

"அவ்வளவு யோசிச்சவன் எப்படித் தோத்தான்?"

"எங்களைத் துரத்திட்டே வந்தான். பின்ன அவனும் நின்னுட்டான். எண்ணெய் இல்ல."

அவள் குடையைத் தரையில் ஊன்றி நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், அவனிடமில்லை, தனக்கே. "ஓடினவங்க எண்ணெய்க்குப் பக்கத்துல போய்ட்டே இருந்தாங்க. துரத்தினவன் அவனுக்க எண்ணெயை விட்டு தூரமாப் போய்ட்டே இருந்தான். ஜெயிக்க ஜெயிக்க அவனுக்கு பத்து நாள் தூரமாயிருக்கும்."

ஞானசிங் கேனைக் கீழே வைத்தான். "நாங்க அங்க கிடந்து சீரழிஞ்சு வந்தும் இதை இப்படி ஒருத்தன் சொல்லலியே டீச்சரே" என்றான்.

அவளுக்கு ஒருகணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் உடனே சுட்டது. எந்த லாரியை வைத்து இத்தனை கணக்கும் போடுகிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் சட்டென்று பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

புதன்கிழமை அவள் கேட்டது கடைசிக் கேள்வி. "அவங்க பட்டாளக் கம்பெனியில நிறைய லாரி உண்டுமே. எல்லாத்துக்கும் ஒரே அளவுதானே பெட்ரோல் தந்திருப்பாவ? மத்ததெல்லாம் போய்ச் சேந்துட்டு. அவங்க வண்டி மட்டும் ஏன் நின்னுது?"

ஞானசிங் பானெட்டைப் பட்டென்று மூடினான். "நேரமாச்சு."

"சொல்லுங்க."

"வேண்டாம் டீச்சரே. விட்டுருங்க." அதற்குமேல் நில்லாமல் அவன் வண்டியில் ஏறிவிட்டான். அன்று பகல் முழுக்க அவளுக்கு ஊர் சொன்னதுதான் நிஜமோ என்று தோன்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லாததற்கு இரண்டு பிள்ளைகளை பெஞ்சுமேல் நிற்க வைத்தாள்.

வியாழக்கிழமை சுசீந்திரம் வந்தது. பஸ் நின்றது. கோமளவல்லி இறங்கவில்லை. கண்டக்டர் கூப்பிட்டான், இறங்கவில்லை. நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் கத்தினார்கள். ஒரு கிழவி, "இறங்குட்டி, நாகர்கோவில்ல இருந்து போற பஸ்ஸ விட்டாப் பேரனைப் பாக்க முடியாது" என்றாள். அவள் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞானசிங் திரும்பிப் பார்த்தான். என்ஜினை அணைத்துவிட்டு, தெப்பக்குளத்து ஓரம் போய் நின்றான். அவள் பின்னாலேயே போனாள்.

"கோலப்பன் மாட்டுக்கறி தொடமாட்டான்" என்றான் அவன், குளத்தைப் பார்த்துக்கொண்டே. "பட்டாளத்துல டப்பாவுல அடைச்சுத் தருவாவ. நாங்க அப்படியே வெட்டித் தின்னுட்டுக் கிடப்போம். அவனுக்கு அரிசிதான். அங்க எங்க விறகு? ஒரு சுள்ளி கிடையாது. டின்னை பாதியா வெட்டி, மணலு நிறைச்சு, பெட்ரோல் ஊத்தித் தீ வைக்கணும். வெள்ளைக்காரன் அப்படித்தான் சாயா போடுவான். சாயா வெள்ளம் கொதிச்சாத் தீந்துது. சோறு அப்படியா? நம்மூர்க்காரனுக்குப் புழுங்கலரிசி குழைய வேவணும், கஞ்சி வடியணும். ஒரு நேரத்துக்கு ரெண்டு மூணு சிரட்டை பெட்ரோல் ஊத்துவான். அவனுக்க வண்டி டாங்குல இருந்துதான் எடுப்பான். தினமும். ஒருநாள் விடமாட்டான். கேட்டா, அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்னு சொல்லுவான்."

கோமளவல்லி குளத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"நானும் கூட இருந்து தின்னிருக்கேன் டீச்சரே. சோத்து வாசத்துக்காக வண்டியத் திருப்பிட்டு வருவேன். மாசக்கணக்கா எரிச்சது; அளந்து தந்ததுக்கு மேல ஒரு சொட்டு தரமாட்டாவ, அவனுக்க டாங்கு எப்பவும் மத்த வண்டியவிடக் குறைஞ்சே கிடக்கும். கடைசியில, ஓடு ஓடுன்னு சொன்ன அன்னைக்கு, மத்த வண்டி போய்ச் சேந்துது. அவனுக்கது ஒரு மணிக்கூர் நடைதூரத்துல நின்னுட்டு. கூட வந்தவனெல்லாம் நடந்துட்டான். வண்டிய விடமாட்டேன், பின்னால வாற வண்டியில எண்ணெய் கேட்டு வாங்கிட்டு வாறேன்னு இவன் நின்னான்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பெரியவருக்கு இது தெரியவேண்டாம்னுதான் நான் கள்ளன் பட்டத்தோட இருந்துட்டேன். நீங்களும் வெளிய சொல்லாதீங்க."

அவள் "சரி அண்ணாச்சி" என்றாள். நாலு நாளில் முதல் தடவையாக அவனை அப்படிக் கூப்பிட்டாள்.

கொட்டாரம் முக்கில் கோலப்பனை வழியனுப்பியது அவளுக்கு நேற்றுப்போல இருந்தது. மீனாட்சியம்மாள் துணியில் புளி உருட்டிக் கட்டிக் கொடுத்தாள். கைலாசநாத பிள்ளை மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "டப்பாவுல கண்டதையும் அடைச்சுத் தருவான், தொட்டுராத. எங்க இருந்தாலும் ஒரு நேரம் சோறு பொங்கித் தின்னு" என்றார். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் நடந்தது. எந்தத் தகப்பனும் சொல்வதுதான்.

சாயங்காலம் திரும்பும்போது அவள் அழவில்லை. அழுகையைவிடக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சொன்னால் கிழவர் தாங்குவாரா? சொல்லாவிட்டால் நாளைக் கூட்டத்தில் ஒரு நல்ல மனுஷனின் பிழைப்பு போகும். அந்த மனுஷன் இவருக்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தவன். பாதி சொல்லி மீதியை விழுங்கிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு வயல்பக்கம் நடந்தாள்.

மாமனார் சானல் கரையில் மண்வெட்டியோடு நின்றார். அணை திறந்து எத்தனையோ நாளாகிவிட்டது, கடைவரம்புக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. கன்னிப்பூப் பருவத்து நாற்று வாடிக் கிடந்தது.

"வந்துட்டு மக்கா, பாரு" என்றார். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, காய்ந்து வெடித்த சானல் தரையில் தண்ணீரின் தலை ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஓரடி வந்தால் ஒரு வெடிப்புக்குள் இறங்கும். அது நிறைந்து மேலேறிய பிறகுதான் அடுத்த அடி. "ஆறு போல திறந்துவிட்டான். இங்க பாரு, ஓணான் நக்கினாத் தீந்துரும். எல்லாம் சானலே குடிச்சுட்டு."

அவள் அவரருகே உட்கார்ந்தாள். "மாமா, எண்ணெயும் அப்படித்தான்."

அவர் திரும்பினார். அவள் சொன்னாள். துறைமுகத்திலிருந்து மதராஸ் தூரம், மணலில் லாரி குடித்தது, திரும்பி வரக் குடித்தது, தகரம் ஒழுகியது எல்லாவற்றையும் சொன்னாள். ராகேலில் ஏறியதையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். தண்ணீரை வால்நுனிவரை கொண்டுவர ஆயுசைக் கொடுத்தவருக்கு இதை இரண்டாம் தடவை விளக்கவேண்டியிருக்கவில்லை.

"அப்ப அவன் விக்கல."

"விக்கல மாமா."

"சரி. சானல் குடிச்சது போவுது, ஒழுகினது போவுது. பக்கத்து வயலுக்கெல்லாம் தண்ணி பாய்ஞ்சு என் வயலு மட்டும் காஞ்சா அதுக்குக் காரணம் வேற இல்லா? எனக்க வயலுக்கு முன்னாலதான் யாரோ மடைய வெட்டியிருக்கான்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "மத்த வண்டியெல்லாம் போச்சே மக்கா. இவன் வண்டிக்குள்ள எண்ணெய எவன் எடுத்தான்?"

பாதியை விழுங்குவது என்று வந்தவளுக்கு அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"அவங்கதான் எடுத்தாவ. சோறு பொங்க."

தண்ணீர் இன்னொரு வெடிப்புக்குள் இறங்கியது. கைலாசநாத பிள்ளை மண்வெட்டியைக் கீழே போட்டார். சானல் கரையில் அப்படியே உட்கார்ந்தார். எட்டு வருஷமாகத் தேடின கள்ளன் கிடைத்துவிட்டான். 

"நான் சொன்னேன்" என்றார் கடைசியில். "முக்குல வச்சு நான்தான் சொன்னேன்."

"நீங்க சொன்னிய. அவங்க கேட்டாவ. உங்க பேச்சைத் தட்டாம ஒருநாள்கூட விடாம பொங்கியிருக்காவ மாமா." அதற்குள் அவளுக்கும் உடைந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவன் செத்த செய்தி வந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

 தண்ணீர் அவர்கள் காலடிக்கு வந்து, தாண்டி, வயலுக்குள் திரும்பியது. அவர் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"வெந்துதாமா?" என்று கேட்டார்.

"என்னது மாமா?"

"சோறு. அந்த மணலுத் தீயில வேவுமா?"

"குழைய வெந்துதாம். ஞானசிங் அண்ணாச்சி வண்டியத் திருப்பிட்டு வந்து தின்னுட்டுப் போவாராம்."

"அவனுக்கும் போட்டானா?" கிழவரின் முகத்தில் ஏதோ இளகியது. "அவன் யாருக்கும் போடாமத் தின்னமாட்டான்." கொஞ்சம் பொறுத்து, "தொட்டுக்க என்ன வச்சிருந்தான்?" என்றார்.

கோமளவல்லி விழித்தாள். "அதை நான் கேக்கல."

"நாலு நாளு போயிட்டு என்னத்தட்டி கேட்ட?" என்று அவர் எரிந்து விழுந்தார். அந்த எரிச்சல் பழைய நாளில், கோலப்பன் வீட்டில் இருந்த காலத்தில், அவரிடம் இருந்த எரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டாரம் முக்கில் வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். சாயங்காலக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு தாணப்பனும் நின்றான். ராகேல் வந்து நின்றது. துவைத்த வேட்டி, தோளில் நேரியல், கையில் ஒன்றுமில்லாமல் கைலாசநாத பிள்ளை தெருவைக் கடந்து வந்தார். தாணப்பன், "மாமா, அது…" என்று கையை நீட்டினான். அவர் அந்தக் கையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. படியேறி, டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்தார். கோமளவல்லி பின்னால் ஏறினாள்.

 ஞானசிங் என்ஜினை அணைத்தான். 

"ஏவே ஞானசிங்கு" என்றார் கிழவர். "எனக்க மவன் சோத்துக்குத் தொட்டுக்க என்ன வச்சிருந்தான்?"

ஞானசிங் பின்பலகையில் இருந்த டீச்சரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு கிழவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"வத்தல்மிளவும் உப்பும் புளியும் வச்சு கல்லுல சதைப்பான். ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளிதான் எடுப்பான், தீந்துருமேன்னு. அம்மை கட்டித்தந்த புளியாக்கும், யாரும் கூடுதல் நக்கப்பிடாதுன்னு சத்தம் போடுவான்."

"தீந்துதா?"

"தீரல பெரியவரே. கடைசியில நான் பாத்தப்பவும் துணியில கொஞ்சம் கட்டி வச்சிருந்தான்."

கைலாசநாத பிள்ளை நேரியலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முக்கில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, வண்டிய எடும்" என்றார். "டீச்சருக்கு நேரமாச்சு."